27 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர்: தமிழ் டைப்செட்டிங் செய்பவரின் அனுபவம்

வோல்டேஜ் ஏறி இறங்கியதில் என் மானிட்டரின் பவர் போர்டு போய்விட்டது. வேறு போர்டு வாங்கி வந்து மாட்டிய அதே வாரம், மன்னார்குடி நண்பர் போன் செய்தார். "27 இன்ச் ஃபுல் எச்டி விலை நல்லா இறங்கியிருக்கு, எடுத்துடட்டுமா?" அவர் பள்ளி ஆசிரியர், தமிழ் வினாத்தாள்களைத் தானே டைப் செய்பவர். என்னிடம் இருப்பதும் அதே வகைதான், தம்பி வாங்கிக் கொடுத்தது. கும்பகோணத்தில் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், எப்போதாவது ஒரு புத்தகம் என்று டைப்செட்டிங் செய்கிறேன். சில வருடங்களாக முழுநாளும் இதன் முன்னால்தான்.

முதலில் எரிச்சல். "நாச்சியார்கோயில்" என்று டைப் செய்து பாருங்கள். காலும் அடுத்து வரும் ர்-உம் ஒட்டி நிற்கும். ர-வின் கீழ்ச் சாய்வும் தலைமேல் புள்ளியும் தெளிவாக இருந்தால்தான் இரண்டையும் பிரித்துப் படிக்க முடியும். இந்தத் திரையில் அந்தப் புள்ளி ஒரு சாம்பல் கறையாகத் தெரிகிறது. ண-வா ன-வா, கி-யா கீ-யா என்று ஒவ்வொரு தடவையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் நூற்றுக்கணக்கான பத்திரிகைகளைத் திரும்ப அடிக்க வேண்டிவரும். ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு இந்தத் தொல்லை பாதிகூட இருக்காது.

காரணம் எளிது. 24 இன்ச்சிலும் 27 இன்ச்சிலும் ஃபுல் எச்டி என்றால் அதே 1920 x 1080 பிக்சல்தான், அதாவது படத்தை உருவாக்கும் ஒளிப்புள்ளிகள். முன்னதில் ஓர் இன்ச்சுக்கு 92 பிக்சல், பின்னதில் 82. வாசல் பெரிதாக இருக்கிறதே என்று புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் கோலம் பெரிதாகும், இழை ஒன்றுகூட அதிகமாகாது. விண்டோஸின் ஸ்கேலிங் (எழுத்தையும் மெனுவையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) 100 சதவீத அளவில் இருந்தால் 11 பாயின்ட் எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் சுமார் 15 பிக்சல். அதற்குள் எழுத்தும் மேல்புள்ளியும் கீழ்வாலும் அடங்க வேண்டும். 125 சதவீதத்துக்கு மாற்றினால் எழுத்து தெளிகிறது, ஆனால் வேலை செய்யும் இடம் 1536 x 864 ஆகச் சுருங்கிவிடுகிறது. பெரிய திரை வாங்கியதே இடத்துக்காக என்றால் இது எந்த ஊர் நியாயம்?

சரி, நல்லதையும் சொல்லியாக வேண்டும். திரையின் உயரம் கிட்டத்தட்ட 33.6 செ.மீ. ஏ4 தாள் 29.7 செ.மீ. அதனால் ஒரு பக்கத்தை நிஜ அளவில் முழுதாகக் காட்ட முடிகிறது, அச்சான தாளைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுவிடலாம். 24 இன்ச்சில் உயரமே சுமார் 29.9 செ.மீ.தான், மெனுவுக்கு இடமே கிடையாது. அப்புறம் ஐபிஎஸ் பேனல், அதாவது பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத திரை வகை. வலங்கைமானிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பத்திரிகை அடிக்க வருபவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். நாலு பேர் என் நாற்காலியைச் சுற்றி நின்று பார்த்தாலும் எல்லோருக்கும் ஒரே குங்குமச் சிவப்புதான் தெரிகிறது. இதுவரை ஒருவர்கூட எழுத்து மங்கல் என்று சொன்னதில்லை.

அதற்கும் கணக்கு இருக்கிறது. சாதாரணப் பார்வையுள்ள கண் ஒரு பாகைக் கோணத்தில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். இந்தத் திரையின் ஒரு பிக்சல் 0.31 மி.மீ. சுமார் ஒரு மீட்டருக்கு அப்பால் போனால் அது கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. பின்னால் நிற்பவர்கள் அந்தத் தூரத்தில் இருக்கிறார்கள். நான் உட்கார்வது இரண்டடியில். பத்திரிகையைச் சரிபார்க்கும் கண் என்னுடையது, திரை பொருந்துவதோ அவர்களுக்கு.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம், எவ்வளவு விலை இறங்கினாலும் வேண்டாம். பணம் இதற்குள்தான் என்றால் 24 இன்ச் ஃபுல் எச்டி எடுங்கள். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 27 இன்ச்சில் 2560 x 1440. அதில் இன்ச்சுக்கு 109 பிக்சல், அளவை மாற்றாமலே தமிழ் தெளிவாக நிற்கும். அதே ரெசல்யூஷனை 32 இன்ச்சில் வாங்கினால் மறுபடியும் 92-க்கே வந்துவிடுவீர்கள். 27 இன்ச் 4கே (3840 x 2160) இன்னும் கூர்மை, இன்ச்சுக்கு 163. ஆனால் அளவை 150 சதவீதம் வைத்தால்தான் வசதியாகப் படிக்க முடியும், அப்போது பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள் மங்கலாகிவிடும். பழைய கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ 1.4 (மானிட்டர் கேபிள் இணைப்பின் பழைய வகை) மட்டும் இருந்தால் 4கே நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும், மவுஸ் இழுபடும்.

தை முகூர்த்தங்கள் முடிந்ததும் நானும் 1440 ஒன்று வாங்கப்போகிறேன். இதை விற்க மாட்டேன். இரண்டாவது திரையாக, வருபவர்கள் உட்காரும் பெஞ்சைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவேன்.