கிறிஸ்துமஸ் பரிசைச் சுற்ற எது நல்லது: ஜிகினா பேப்பரா, பிரவுன் ஷீட்டா, பழைய புடவையா?

எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்தாயிற்று. பெரியவர்களுக்குக் கொடுக்கும் பரிசெல்லாம் துணியில், பிள்ளைகளுக்கும் கூரியருக்கும் பிரவுன் ஷீட். பளபளக்கும் கிஃப்ட் பேப்பர் இனி கிடையாது.

கிஃப்ட் பேப்பரை முதலில் முடித்துவிடலாம். எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும், பார்க்க அழகு, சுற்றுவது சுலபம். ஆனால் மினுமினுக்கும் ரகம் பெரும்பாலும் பேப்பரே இல்லை, அலுமினியப் பூச்சு கொடுத்த பிளாஸ்டிக் ஃபிலிம். கையில் கசக்கி விட்டுப் பாருங்கள். காகிதம் என்றால் கசங்கியபடியே கிடக்கும், ஃபிலிம் என்றால் மெல்ல விரிந்துகொள்ளும். எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரர் அதைத் தனியாக எடுத்து நம் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு அது குப்பை வண்டியில் ஏறிச் சென்னையின் பெருங்குடிக் கிடங்குக்கோ கொடுங்கையூர்க் கிடங்குக்கோதான் போகும். 2019 ஜனவரி 1 முதல் கேரிபேக் வேண்டாம் என்று சொல்லப் பழகிய ஊரில், டிசம்பர் வந்தால் மட்டும் இதைச் சுருள் சுருளாக வாங்குகிறோம்.

பிரவுன் ஷீட் நல்ல பொருள்தான். ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போட்ட மிச்சச் சுருள் பல வீட்டுப் பரணில் இருக்கும். இல்லையென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எந்தக் காகிதக் கடையிலும் கிடைக்கும். வாங்கும்போது ஓரத்தைக் கிழித்துப் பார்க்க வேண்டும். லேமினேட் செய்த ரகமும் உண்டு, கிழித்தால் உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுபடும். அது வேண்டாம். செல்லோடேப்புக்குப் பதில் சணல் கயிறோ, பூக்காரம்மாவிடம் வாங்கிய வாழைநாரோ போதும். நாரைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்டினால்தான் ஒடியாது. மேலே ஒரு கொத்து மரிக்கொழுந்து செருகினால் தனி அழகு.

பிள்ளைகளுக்கு இதுதான் சரி. பரிசைக் கிழித்துத் திறப்பதில் அவர்களுக்கு இருக்கும் சந்தோஷம் முடிச்சை அவிழ்ப்பதில் கிடைக்காது. குறை என்றால் மழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது, ஆட்டோவில் சாரல் அடித்தாலே மூலைகள் தொய்ந்துவிடும்.

என் ஓட்டு துணிக்கு. அதற்கு ஒரே காரணம், திறந்த பிறகு அது என்ன ஆகிறது என்பதுதான். பிரவுன் ஷீட் பழைய பேப்பர் எடைக்குப் போகலாம், ஆனால் கிழிந்து கசங்கியதை யாரும் மடித்து எடுத்து வைப்பதில்லை. துணியை நம் ஊரில் யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை. ரவிக்கைத் துண்டைப் பாருங்கள். வளைகாப்பில் வாங்கியது பீரோவில் தூங்கும், அடுத்த விசேஷத்தில் இன்னொருவர் கைக்குப் போகும், சில சமயம் ஊரைச் சுற்றி நம்மிடமே வந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடக்கும் மறுபயன்பாடு இது. ஜப்பானில் ஃபுரோஷிகி என்று துணியில் மூட்டை கட்டும் வழக்கம் உண்டு. அங்கே 2006-இல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கோய்கே அதை மீண்டும் பரப்பப் பிரச்சாரமே செய்தார். கட்டுச்சோற்று மூட்டை கட்டிய நமக்கு அது ஒன்றும் புதிதில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. துணி ஏற்கெனவே வீட்டில் இருந்ததாக இருக்க வேண்டும். கோடவுன் தெருவில் மொத்த விலைக்கு மீட்டர் கணக்கில் புதிதாக வாங்கி வெட்டினால் கதையே மாறிவிடும், பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் பூச்சிமருந்தும் அவ்வளவு செலவாகிறது. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் மட்டுமாவது அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகிறது. அதனால் பழைய காட்டன் புடவை, தையல்கடை மிச்சம், பீரோவில் தூங்கும் ரவிக்கைத் துண்டு, இவை மட்டும்தான்.

ஐந்தரை மீட்டர் புடவையில் 22 அங்குலச் சதுரமாக வெட்டினால் 18 துண்டு தேறும். ஃபால்ஸ் வைக்கும் கடையில் கொடுத்து ஓரத்துக்குப் பீகோ அடித்துவிட்டால் நூல் பிரியாது. துணியின் மூலைவிட்டம் பொருளின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் கட்டச் சரியாக வரும். அரைக் கிலோ பிளம் கேக் டப்பா இந்தச் சதுரத்தில் கச்சிதமாக உட்காரும். டப்பாவைக் குறுக்காக வைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே மடித்து, மற்ற இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். முன்னாலேயே கஞ்சி போட்டு இஸ்திரி செய்திருந்தால் முடிச்சின் இரண்டு நுனியும் முயல் காது மாதிரி நிமிர்ந்து நிற்கும். பாலியஸ்டர் கலந்த துணி வழுக்கும், இரட்டை முடிச்சுப் போட்டாலும் நெகிழும்.

கொடுக்கும்போது ஒரு சின்னச் சங்கடம் உண்டு. "துணியைத் திருப்பித் தரணுமாடி?" என்று சித்தி கேட்டார். "அதுவும் உங்களுக்குத்தான் சித்தி" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் துவைத்து மடித்துக் காத்திருப்பார்கள்.

பனை ஓலைப்பெட்டியையும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் அனுபவம் குறைவு, ஒரு வருஷம் கல்கல் என்ற கிறிஸ்துமஸ் பலகாரம் போட்டுக் கொடுத்ததோடு சரி. சுற்றவே வேண்டாம், பெட்டியே பரிசு மாதிரிதான். ஆனால் மழைக்கால ஈரத்தில் ஓலை பூசணம் பிடிக்கும், நல்ல வெயில் காட்டித்தான் எடுத்து வைக்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரத்துக்கு உள்ளே வாழையிலை போட வேண்டியிருந்தது. விலையும் துணியை விடக் கூட. வீட்டுக்கு ஒன்று என்றால் சரி, கேரல் குழுவில் எல்லோருக்கும் என்றால் கையைக் கடிக்கும்.