63 டிகிரியைக் காட்டி மூணு கூலர் காசைப் பிடுங்கிட்டாங்க: கேமிங் பிசியை சர்வீஸுக்குக் கொடுக்கிறவங்க கவனிங்க

கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன். கேமிங் பிசி மட்டுமே பார்க்கிறோம்னு சொல்லிக்கிற ஒரு சர்வீஸ் கடையில, புராசசர் சூட்டைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்ததுல போன காசுக்கு புராசசர் மேல மாட்டுற நல்ல டூயல் டவர் ஏர் கூலர் மூணு புதுசா வாங்கலாம். மூணு கூலர் காசு! அதுக்கு அவங்க செஞ்ச வேலை விண்டோஸ்ல ஒரு எண்ணை 100ல இருந்து 99 ஆக்கினது மட்டும்தான். கடைப் பேர் வேண்டாம், இந்த வித்தை தெரிஞ்ச கடைங்க நிறைய இருக்கு. நடந்ததைச் சொல்லிட்டு, கொடுக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமாப் போடுறேன்.

மெஷின்ல ஏஎம்டியோட ரைசன் 7 5800எக்ஸ் புராசசர், 240 எம்எம் ரேடியேட்டர் வச்ச சீல்டு லிக்விட் கூலர் (பம்ப் திரவத்தைச் சுத்த விட்டுச் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோறது, மொத்தமா மூடி சீல் பண்ணது). கேம் ஓடினா 90 டிகிரிக்குப் போய் அங்கயே முட்டிக்கிட்டு நிக்கும், ஃபிரேம் சட்டுசட்டுனு விழும். இந்தச் சிப்புக்கு ஏஎம்டி வச்ச எல்லையே 90. அதைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைச்சுத் தன்னைக் காப்பாத்திக்கும்.

பில்லைப் பாருங்க. பம்ப் ஓவர்ஹால், கூலன்ட் ரீஃபில், ஸ்பெஷல் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்தப் பூசுறது), புராசசர் சர்வீஸ். இந்த கூலர்ல கூலன்ட் ஊத்த ஒரு மூடிகூடக் கிடையாது, சீல்டு யூனிட்ல பெரும்பாலும் அப்படித்தான். எங்க ஊத்தினாங்களாம்? அடுத்தது புராசசர் சர்வீஸ். 5800எக்ஸோட மேல்தகடு சிப்போட சாலிடர் பண்ணி ஒட்டினது. அதுக்குள்ள கழட்டித் துடைக்க, எண்ணெய் விட ஒண்ணுமே இல்ல. அப்படி ஒரு வேலையே உலகத்துல கிடையாது.

அப்புறம் ஏன் காசு கொடுத்தேன்? டெலிவரி எடுக்கிறப்போ அங்கயே சினிபெஞ்ச் ஆர்23ங்கிற புராசசர் டெஸ்ட்டை ஓட்டிக் காட்டினாங்க. திரையில டெம்பரேச்சர் மட்டும் பெருசா: 61, 62, 63. "ஃபுல் லோடு ப்ரோ, 63 தாண்டல பாருங்க. வேணும்னா கையை வச்சுப் பாருங்க." ரேடியேட்டர் மேல கையை வச்சா காத்து குளுகுளுன்னு வருது, ஃபேன் சத்தமே இல்ல. ஸ்கோர் வர்றதுக்கு முன்னாடியே விண்டோவை மூடிட்டு பில்லை நீட்டியாச்சு. மூணு கூலர் காசு கைமாறினது அந்த 63ஐ நம்பித்தான்.

வித்தை அந்த 63லதான் இருக்கு. சூடு குறைய ரெண்டு வழிதான் உண்டு: ஒண்ணு, சூட்டை வெளிய தள்ளுறது கூடணும், இல்லேன்னா உள்ள உற்பத்தியே குறையணும். இந்தச் சிப் எட்டு கோரையும் சுமார் 81 சதுர மில்லிமீட்டர் துண்டு ஒண்ணுல அடைச்சு வச்சிருக்கு. ஏஎம்டி வச்ச பவர் வரம்பு 142 வாட். சின்ன இடத்துல அவ்வளவு சூடு பொறக்கிறதால, 240 ரேடியேட்டர் போட்டாலும் ஃபுல் லோடுல 80ஐத் தாண்டுறது சகஜம். பூஸ்ட் (அடிப்படை வேகத்தைத் தாண்டி சிப் தானே வேகம் எடுக்கிறது) முழுசா ஓடிக்கிட்டே 63ல நிக்குதுன்னா அது நம்புற மாதிரி இல்ல.

வீட்டுல கேமை ஓட்டினா சூடு இல்லதான், ஆனா ஃபிரேமும் இல்ல, முன்ன விட மோசம். சிப்போட வேகம், சூட்டைக் காட்டுற ஹெச்டபிள்யூஇன்ஃபோ ஆப்பைத் திறந்தா எட்டு கோரும் 3.8 கிகாஹெர்ட்ஸ்ல கட்டிப்போட்ட மாதிரி நிக்குது. 4.7 வரைக்கும் பூஸ்ட் ஆகிற சிப் இது! சினிபெஞ்ச்ல 15,000க்கு மேல வரவேண்டிய ஸ்கோர் 12,700. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல 'மேக்ஸிமம் புராசசர் ஸ்டேட்' 99. அந்த ஒரு சதவீதத்தைக் குறைச்சா பூஸ்ட் மொத்தமா அணைஞ்சு சிப் அடிப்படை வேகத்துல நின்னுடும். திரும்ப 100 வச்சு ஓட்டினா கொஞ்ச நேரத்துலயே 90. பழைய குருடி கதவைத் திறடி!

ஃபோன் பண்ணினா முதல்ல "கேம் அப்டேட் ஆகியிருக்கும் ப்ரோ". அப்புறம் "கிராஃபிக்ஸ் டிரைவரை மாத்திப் பாருங்க". 99ன்னு பேச்செடுத்ததும் "டெக்னீஷியன் லீவு, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்". பேஸ்ட் மாத்தினீங்களான்னு நேராக் கேட்டா "எங்ககிட்ட இருந்தப்போ 63 தானே, வீடியோவே இருக்கு". காசைத் திருப்பிக் கேட்டா "சர்வீஸுக்கு வாரண்டி கிடையாது, பில் பின்னாடி போட்டிருக்கு". இதெல்லாம்கூடப் பரவாயில்ல. கடைசியா ஒண்ணு சொன்னாங்க பாருங்க: "புராசசர் வீக் ஆயிடுச்சு ப்ரோ, புதுசு போட்டுக்கலாம், பழசை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிறோம்." நல்லா இருக்கிற சிப்பை அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்க்கிறாங்க! வயசானா சூடாகிறது புராசசர் இல்ல. பேஸ்ட் காயும், பம்ப் தேயும், தூசி அடைக்கும். 

கழட்டிப் பார்த்தா எல்லாம் வெளிச்சமாச்சு. பம்ப் தலையோட நாலு ஸ்க்ரூ மேலயும் பழைய தூசி படிஞ்சது படிஞ்சபடியே இருக்கு, விரல்கூடப் படல. அடியில ஒரு மூலையில பேஸ்ட் சுண்ணாம்புக் காரை மாதிரி தடிச்சுக் காஞ்சு உதிருது. எதிர்மூலையில தகட்டோட செம்பே தெரியுது. அதாவது அழுத்தம் ஒரு பக்கமா விழுந்திருக்கு. ஸ்பெஷல் பேஸ்ட்டாம்!

சரியான வேலை இதுதான். பத்து நிமிஷம் லோடு கொடுத்து பேஸ்ட்டை இளக்குங்க. அணைச்சு, பவர் கேபிளை உருவுங்க. ஸ்க்ரூவைக் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துங்க. தூக்குறதுக்கு முன்னாடி பம்ப் தலையை இடமும் வலமும் திருகணும். இந்தச் சிப் உக்கார்ற ஏஎம்4 சாக்கெட்ல நேரா இழுத்தா புராசசரே ஒட்டிக்கிட்டு வந்துடும், அதுல இருக்கிறது 1,331 பின். ரெண்டு பக்கமும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நூல் விடாத துணியும் வச்சுத் துடைங்க. ரைசன்ல சூடாகிற துண்டு நடுவுல இல்ல, ஓரமா இருக்கு. அதனால நடுவுல ஒரே பொட்டு வைக்கிறதை விட நாலு மூலைக்கும் நடுவுக்கும் சின்னச் சின்னப் பொட்டு. புது கூலர்னா அடியில பிளாஸ்டிக் ஒட்டு இருக்கான்னு பாருங்க, அதை உரிக்காம மாட்டினதை நிறையப் பார்த்தாச்சு. மாட்டுறப்பவும் எதிரெதிர் ஸ்க்ரூ, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சுத்து, மாத்தி மாத்தி. பம்ப் ஒயரை மதர்போர்டோட பம்ப் ஹெட்டர்ல போட்டு பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்) முழு வேகம் கொடுங்க. சைலன்ட்ல வச்ச கேஸ் ஃபேன் ஹெட்டர்ல போட்டா பம்ப் பாதி வேகத்துல தூங்கும். ரேடியேட்டர் தூசியை ஊதுறப்போ ஃபேனைச் சுத்த விடாம விரலால பிடிச்சுக்கணும்.

இப்போ பத்து நிமிஷ சினிபெஞ்ச்ல 81 டிகிரி, 129 வாட், 4.5 கிகாஹெர்ட்ஸ், ஸ்கோர் 15,200. செலவு ஒரு ட்யூப் பேஸ்ட். அவங்க வாங்கினது மூணு கூலர் காசு!

பவர் வரம்பைக் குறைக்கிறதே தப்புன்னு சொல்லல. ஏஎம்டியோட ஈகோ மோடுல (பவர் வரம்பைக் குறைக்கிற செட்டிங்) 88 வாட் வச்சா கேம்ல பெருசா ஒண்ணும் போகாது, சூடு நல்லாவே குறையும். சொல்லிட்டுச் செஞ்சா அது வைத்தியம். அதுவும் பயாஸ்லயே இலவசமா இருக்கு.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், ஆனா அந்த "வீக் ஆயிடுச்சு ப்ரோ" காதுலயே நிக்குது, கை ஓட மாட்டேங்குது. சுருக்கமா: டெம்பரேச்சரை மட்டும் காட்டினா நம்பாதீங்க, கிளாக் (சிப் வேகம்), வாட், ஸ்கோர் மூணும் அதே திரையில இருக்கணும். ஒரு நிமிஷ டெஸ்ட்டை ஒத்துக்காதீங்க, லிக்விட் முழுசாச் சூடேறவே பல நிமிஷம் ஆகும். கேஸ் கதவு மூடியிருக்கணும். கொடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்கோரையும் பயாஸ் செட்டிங்கையும் படம் எடுத்து வைங்க, கூலர் ஸ்க்ரூ மேல மார்க்கரால ஒரு கோடு போடுங்க. இன்டெல் வச்சிருந்தா பிஎல்1, பிஎல்2ங்கிற பவர் வரம்பு ரெண்டும் மாறியிருக்கான்னு பாருங்க. பில்லுல 'புராசசர் சர்வீஸ்'னு இருந்தா காசை எடுக்காதீங்க, மெஷினைத் தூக்கிட்டு வந்துடுங்க.