பழைய பிக்கப்பின் டெயில் லைட்: பல்பா, எல்இடி செட்டா?

எங்கள் பிக்கப் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வண்டி. எட்டு வயதைத் தாண்டிய வண்டி என்பதால் வருடா வருடம் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டியாக வேண்டும். இந்தத் தடவை எஃப்சி நெருங்கும்போது இடது பக்க டெயில் லைட் மங்கிப்போனது. பிரேக்கை மிதித்தால் அது பளிச்சென்று எரிய வேண்டாமா? அதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருக்கும் இண்டிகேட்டர் லேசாக எரிந்தது.

எலக்ட்ரீஷியன் தம்பி பார்த்தவுடன் சொன்னார்: “அண்ணே, பழசக் கழட்டி எறிஞ்சுட்டு எல்இடி செட் மாட்டிருங்க. தொல்ல விட்டுச்சு.” சந்தைக்கு வரும் வண்டிகளில் பாதி அப்படித்தான் மாறியிருக்கின்றன. நான் பழைய விளக்கையே வைத்துக்கொண்டு, ஹோல்டரையும் எர்த் வயரையும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி) மட்டும் புதிதாகப் போட்டேன். அதனால் இதில் பல்பு பக்கம் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்இடியின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கரண்ட் குறைவாக இழுக்கும். உள்ளே இழை கிடையாது என்பதால், காலி வண்டி பட்டை ஸ்பிரிங்கில் குதித்துக் குதித்துப் போனாலும் அறுந்துபோக ஒன்றுமில்லை. பிரேக் மிதித்ததும் பல்பின் இழை சூடேறிப் பிரகாசமாகக் கிட்டத்தட்ட 0.2 விநாடி ஆகும். எல்இடி உடனே எரியும். பின்னால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அது நாலரை மீட்டர் தூரம். இதைக் குறைத்துப் பேச முடியாது.

பல்பு பக்கம் சொல்ல வேண்டியதும் பழைய கதைதான்: டீ வடை காசில் ஒரு பல்பு, எந்த ஊர் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும், ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் ரோட்டோரத்திலேயே மாற்றிவிடலாம்.

விஷயம் இதிலெல்லாம் இல்லை, எர்த்தில் இருக்கிறது.

பழைய பிக்கப்பில் டெயில் லைட் கெட்டால் பெரும்பாலும் பல்பு குற்றவாளி அல்ல. கரண்ட் போகும் வயர் நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வரும் வழிதான் கெட்டிருக்கும். விளக்கு ஒரு தகட்டில், தகடு லோடு பாடியில், லோடு பாடி சேஸிஸில் (வண்டியின் அடி இரும்புச் சட்டம்) என்று போல்ட்டுகள் வழியாகவே எர்த் போகிற வண்டிகள் நிறைய. நடுவில் டிங்கர் வேலை, பெயின்ட், துரு. காய்கறி வண்டி என்றால் ஈர மூட்டையிலிருந்து வடியும் தண்ணீர் வேறு. ஹோல்டரைத் திறந்து பார்த்தபோது அடியில் பித்தளை முனை இருக்கும் இடத்தில் பச்சைக் களிம்பு மொத்தமாகப் படிந்திருந்தது. பல்பைத் திருப்பி எடுக்கவே துணி சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது.

டெயிலுக்கும் பிரேக்குக்கும் ஒரே பல்புக்குள் தனித்தனி இழை இருக்கும். எர்த் சரியில்லாவிட்டால் பிரேக் இழை வழியாக வந்த கரண்ட், திரும்பிப் போக வழி தேடி, அதே விளக்கில் இருக்கும் இண்டிகேட்டர் பல்பு வழியாகவும் டெயில் இழை வழியாகவும் நுழையும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்குவது இதனால்தான். ஒரு விளக்கு மற்றொன்றின் வேலையைச் செய்கிறது என்றால் முதல் சந்தேகம் எர்த் மீதுதான் விழ வேண்டும். உறுதி செய்வதும் சுலபம். நீளமான ஒரு வயரை பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து இழுத்து வந்து விளக்கின் எர்த் முனையில் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் கதை முடிந்தது. மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால், ஒரே ஒரு செப்புக் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும் வயர்கூட 12 வோல்ட் காட்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட்டைத் தொட்டால் வழியில் எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது.

(இரண்டு பக்கமும் பிரேக் லைட் சேர்ந்து போனால் இவ்வளவு தேட வேண்டாம். ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் பெடல் பக்கத்தில் இருக்கும் பிரேக் சுவிட்ச்சைப் பாருங்கள்.)

இப்போது எல்இடிக்கு வருவோம். துருவால் எர்த்தில் ஒரு ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 21 வாட் பிரேக் பல்பு இழுப்பது சுமார் 1.75 ஆம்பியர். அந்த ஒரு ஓம் இவ்வளவு கரண்ட்டில் ஒன்றரை வோல்ட்டைத் தின்றுவிடும்; வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணுக்கே தெரியும். எல்இடி செட் இழுக்கும் கரண்ட் அதில் சிறு பங்குதான். அதே துருவோடு அது ஜோராக எரியும். எலக்ட்ரீஷியன் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார், ஓனருக்கும் திருப்தி. துரு மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதே எர்த்தை நம்பி ரிவர்ஸ் லைட்டோ நம்பர் பிளேட் லைட்டோ இருந்தால் அவை ஒவ்வொன்றாகச் சுணங்கும். கடைசியில் ஒரு மழை நாளில் வழி முழுசாக அறுந்தால், எல்இடியும் முன்னறிவிப்பு இல்லாமல் அணைந்துவிடும். பல்பு மங்கி மங்கி நமக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும்.

இண்டிகேட்டரிலும் இதே கதை. பல்பு ஒன்று போனால் ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் பெட்டி) படபடவென்று வேகமாக அடிக்கும். ஓட்டுகிறவருக்கு சீட்டிலேயே தெரிந்துவிடும். எல்இடி மாட்டினால் லோடு குறைவு என்பதால் எல்லாம் நன்றாக இருக்கும்போதே அது அப்படி அடிக்க ஆரம்பிக்கும். அதற்கு ஃபிளாஷரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த ரெசிஸ்டர் நன்றாகச் சூடாகும். பிளாஸ்டிக்கின் மேல் டேப் சுற்றி விட்டால் உருகிவிடும், இரும்பில் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். ரெசிஸ்டரும் பல்பு அளவுக்குக் கரண்டைத் தின்பதால் எல்இடியின் மிச்சக் கணக்கு அங்கேயே போய்விடுகிறது.

பராமரிப்பில் இன்னொன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எல்இடி செட்டுகளை ஒட்டி மூடியிருப்பார்கள். உள்ளே ஆவி பிடித்து ஒரு வரிசை அணைந்தால் திறக்க வழியில்லை, முழு செட்டையும் தூக்கிப் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதாக மாட்டினால் இடதும் வலதும் வேறு வேறு சிவப்பில் எரிகிற அழகை நிறைய வண்டிகளில் பார்க்கலாம். விலை கூடிய நல்ல கம்பெனி செட்டுகள் இப்படியில்லை என்கிறார்கள். அவற்றை நான் மாட்டி ஓட்டியதில்லை, அதனால் நான் சொல்வது சந்தை சரக்குக்கு மட்டும்தான்.

பழைய ஹோல்டரிலேயே எல்இடி பல்பு சொருகும் நடுவழியும் உண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. விளக்கின் உள்வளைவு, எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும் இழைக்காகச் செய்தது. எல்இடி பல்பு வேறு மாதிரி வீசும். வெள்ளை எல்இடி சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெளிறித் தெரியும். பின்விளக்கு 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. அதற்கும் இது உதவாது.

நான் செய்த வேலை இவ்வளவுதான். இரண்டு பக்கமும் புது ஹோல்டர். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக ஒரு கறுப்பு வயர், முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, லோடு பாடியை நம்பாமல் நேராக சேஸிஸில். போல்ட் உட்காரும் இடத்தில் உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு இறுக்கி, மேலே வாசலின். பல்பு முனையிலும் கொஞ்சம் வாசலின்.

ராத்திரி முழுக்க நாலுவழிச் சாலையில் ஓடுகிற வண்டியாக இருந்தால் அந்த 0.2 விநாடிக்காகவே நல்ல எல்இடி செட்டுக்குப் போகலாம். அப்போதும் இந்த எர்த் வயரை முதலில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பல்பிலேயே இருக்கப் போகிறவர்கள் கடையில் ஒன்றை மட்டும் கவனித்து வாங்குங்கள். பிக்கப்புக்கு 12 வோல்ட், லாரிக்கு 24. டப்பா மாறிக் கையில் வந்தால் எர்த் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விளக்கு மங்கலாகத்தான் எரியும். டெயிலும் பிரேக்கும் சேர்ந்த பல்பில் 21/5 வாட் என்று போட்டிருக்கும். பல்பின் உலோக அடியில் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரே உயரத்தில் இருந்தால் அது இண்டிகேட்டர் பல்பு, அமுக்கித் திருகி உள்ளே தள்ள வேண்டாம்.