‘வரி உட்பட டோர் டெலிவரி’: பில் ஆஃப் என்ட்ரி யார் பெயரில் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்

சீனாவிலிருந்து சரக்கு எடுக்கும் சிறு வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் விளம்பரம் இது. குவாங்சோவிலோ ஈவூவிலோ உள்ள கிடங்கில் சரக்கைச் சேர்த்தால் போதும், கிலோவுக்கு இவ்வளவு, வரி உட்பட சென்னையில் கடை வாசலிலேயே இறக்கித் தருகிறோம், ஐஇசி (இறக்குமதி, ஏற்றுமதி செய்வோருக்கான அடையாள எண்) வேண்டாம், பேப்பர் வேலை எதுவும் வேண்டாம் என்பார்கள். இதை நம்பி புளூடூத் ஸ்பீக்கரும் குழந்தைகள் பொம்மையும் கலந்து அனுப்பிய ஒரு கடைக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறோம். ஏஜென்ட் பெயர் இங்கே தேவையில்லை. இதே வேலையைப் பலர் செய்கிறார்கள்.

சரக்கு கிளம்பும்போது பாதிப் பணம் வாங்கினார்கள். கப்பல் வந்ததும், “கஸ்டம்ஸில் மாட்டிக்கிச்சு, பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் கட்டினா எடுத்துடலாம்” என்றார்கள். கட்டினார். பிறகு, “ஓப்பன் எக்ஸாமினேஷன் போட்டுட்டாங்க”, அதாவது பெட்டியைத் திறந்து சோதிக்கிறார்கள் என்று சொல்லி மறுபடி கேட்டார்கள். அதையும் கட்டினார். ரசீது கேட்டபோது கிடைத்தது, பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்கின் விவரத்தையும் மதிப்பையும் சுங்கத்திடம் அறிவிக்கும் படிவம்) செல்போனில் எடுத்த ஒரு படம் மட்டும்தான். இறக்குமதியாளர் இடத்தில் இவர் கேள்விப்பட்டே இராத ஒரு டிரேடிங் கம்பெனி இருந்தது. சரக்கு விவரத்தில் ஸ்பீக்கரும் இல்லை, பொம்மையும் இல்லை. பிளாஸ்டிக் வீட்டு உபயோகப் பொருட்கள் என்று ஒரே வரி. காட்டியிருந்த மதிப்பு, இவர் சப்ளையருக்குக் கொடுத்ததில் சிறு பங்குகூட இல்லை. சரக்கு இன்னும் கைக்கு வரவில்லை.

இதைத் தாமதம் என்று நினைத்துக் காத்திருப்பதுதான் பெரிய தவறு. இப்படிப்பட்ட கன்டெய்னரில் பல கடைகளின் சரக்கு ஒரே ஐஇசியில் ஏறுகிறது. ஒரு பெட்டியில் பொய் டிக்ளரேஷன் பிடிபட்டால் மொத்த கன்டெய்னரும் நிற்கும். சுங்கச் சட்டம் 1962-ன் 111-ஆம் பிரிவில் பறிமுதல், 112-இல் அபராதம். பேப்பரில் உங்கள் பெயர் இல்லாததால் சரக்கு என்னுடையது என்று உரிமை கோருவது கடினம். பொறுப்பிலிருந்து மட்டும் தப்ப முடியாது, ஏனென்றால் அதே சட்டத்தில் ‘இறக்குமதியாளர்’ என்ற சொல், பின்னால் இருக்கும் உண்மையான பயனாளியையும் சேர்த்தே குறிக்கிறது.

பொம்மை விஷயத்தில் பணத்தால் ஆகக்கூடியது எதுவுமே இல்லை. 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை இந்தியாவுக்குள் இறக்க முடியாது. அந்த முத்திரைக்கான உரிமத்தை பிஐஎஸ்ஸிடமிருந்து (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) வாங்க வேண்டியது சீனத் தொழிற்சாலை, நீங்களோ ஏஜென்டோ அல்ல. கப்பல் வந்தபிறகு அதை வாங்க வழியில்லை. புளூடூத் ஸ்பீக்கருக்கு பிஐஎஸ் பதிவு எண்ணும், வயர்லெஸ் பொருள் என்பதால் டபிள்யூபிசியின் (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) இடிஏ என்ற ஒப்புதல் சான்றும் வேண்டும். சப்ளையர் இவற்றின் நகலைத் தந்தால், அதிலுள்ள தொழிற்சாலை முகவரியும் மாடல் எண்ணும் உங்கள் ஆர்டரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இன்னொரு தொழிற்சாலையின் சான்றிதழை அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது.

‘வரி உட்பட’ என்பது மலிவும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஐஎஃப் மதிப்பு (சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் சேர்ந்தது) 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 20,000. அதன்மேல் 10 சதவீத சமூக நல சர்சார்ஜ் 2,000. இந்த மூன்றும் சேர்ந்த 1,22,000-க்கு ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 21,960. மொத்தம் 43,960. பில் ஆஃப் என்ட்ரி உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் இருந்தால் அந்த 21,960-ஐ இன்புட் கிரெடிட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுக்கலாம், உண்மைச் செலவு 22,000 மட்டுமே. அடுத்தவர் பெயரில் இருந்தால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. சப்ளையருக்கு வங்கி வழியாக முன்பணம் அனுப்பியிருந்தால், அதற்கு ஈடான பில் ஆஃப் என்ட்ரியை வங்கியும் கேட்கும். காட்ட ஒன்றும் இருக்காது.

முறையாக ஐஇசி வைத்திருப்பவர்களும் மாட்டும் இடம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று சிபிஎம் (கன மீட்டர்) சரக்குக்கு எல்சிஎல்லில் (பலர் சரக்கோடு கன்டெய்னரைப் பகிரும் முறை) கடல் கட்டணமே இல்லை என்று சிஐஎஃப் விலை சொல்லும் சப்ளையர். அங்கே விட்ட பணத்தை இங்கே டெஸ்டினேஷன் சார்ஜ் என்ற பெயரில் சிபிஎம் கணக்கில் வசூலிப்பார்கள். அதைக் கட்டாமல் சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் வராது. பேரம் பேசும் ஒவ்வொரு நாளும் சிஎஃப்எஸ் (துறைமுகச் சரக்குக் கிடங்கு) வாடகை ஏறும். எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும் வரை சப்ளையர் செலவு, கடல் கட்டணம் உங்களுடையது) வாங்கி, ஃபார்வர்டரை (சரக்கு அனுப்பும் ஏற்பாட்டாளர்) நீங்களே வைத்து, சென்னைச் செலவுகளை வரிவரியாக மெயிலில் வாங்கிய பிறகே சரக்கை ஏற்றச் சொல்லுங்கள்.

ஐஇசிக்கு டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் கட்டணம் 500 ரூபாய்தான். இதை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை ஆபத்தும் என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் ஐஇசி செயலிழந்துவிடும், இதைப் பலர் மறக்கிறார்கள். வங்கியின் ஏடி கோடை (வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் செய்யும் கிளையின் எண்) சுங்கத் துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் லாகினை வைத்திருந்தால் உங்கள் ஐஇசியில் யார் எந்த பில் ஆஃப் என்ட்ரி போட்டாலும் தெரியும். உங்கள் சார்பில் சுங்க வேலையைச் செய்யும் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் உரிம எண் கேளுங்கள், எழுத்தில் அதிகாரக் கடிதம் கொடுங்கள். கடிதமே வேண்டாம் என்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். வரியை ஏஜென்ட் கணக்கில் போடாமல் ஐஸ்கேட் வழியாக நீங்களே கட்டுங்கள். பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் போட்டுவிட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாட்களுக்குத் தினம் 5,000, அதன்பின் தினம் 10,000 ரூபாய். மரப் பேலட் என்றால் ஐபிபிசி முத்திரை (மரத்தைப் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான அடையாளம்) உள்ளதா என்று லோடிங் போட்டோவிலேயே பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? சரக்கு இன்னும் சீனக் கிடங்கில்தான் என்றால், ஏற்ற வேண்டாம் என்று சப்ளையருக்கும் கிடங்குக்கும் இன்றே எழுதுங்கள். வந்துவிட்டது என்றால் பில் ஆஃப் என்ட்ரி எண், தேதி, துறைமுகம் மூன்றையும் கேட்டு வாங்கி, ஐஸ்கேட்டின் பொது விசாரணைப் பக்கத்தில் நிலையைப் பாருங்கள். எண்ணையே தராதவருக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். இறங்கி 30 நாட்களுக்குள் கிளியர் ஆகாத சரக்கை விற்கச் சட்டம் இடம் தருகிறது, அதனால் காத்திருக்க நேரமில்லை. சப்ளையர் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பணம் அனுப்பிய சீட்டு, ஏஜென்டின் மெசேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சுங்கச் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள். ஆன்லைனில் பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். ஏஜென்ட் உரிமம் பெற்ற புரோக்கர் என்றால், உரிமம் கொடுத்த சுங்க அலுவலகத்துக்கே எழுத்துப் புகார் கொடுக்கலாம்.