சர்வீஸ் செய்து வந்த வாட்சில் தேதி கோணல்: அரை மாதச் சம்பளம் போச்சு

மெக்கானிக்கல் வாட்சைக் கூரியரில் வாங்கி, சர்வீஸ் செய்து திருப்பி அனுப்பும் இணையச் சேவை எதிலாவது கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்கு அரை மாதச் சம்பளம் போயிருக்கிறது. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியாகிவிட்டது, அதனால் போடவில்லை.

ஓடாத வாட்ச் இல்லை இது. கொஞ்சம் பிந்தியது, அவ்வளவுதான். கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட வேண்டியிருந்தது. தேதியில் ஒரு குறையும் கிடையாது.

நான் விழுந்தது ஒரு போட்டோவில். வட்டத் தட்டில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் தனித்தனி அறையில், டயல் மட்டும் தூசி படாமல் கண்ணாடி மூடிக்குள். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "சார், உங்க வாட்ச் என் மேஜையில இருக்கு, நீங்க நிம்மதியா தூங்குங்க." இவ்வளவு பொறுப்பாக ஒருவர் பேசினால் யார்தான் நம்ப மாட்டார்கள்? முழுப் பணத்தையும் அன்றைக்கே அனுப்பினேன்.

வாட்ச் வந்தது. டயலில் தேதி தெரியும் ஜன்னலில் எண் நடுவில் இல்லை. ஒரு பக்கம் ஒதுங்கி, விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நின்றது. போதாக்குறைக்கு, நள்ளிரவில் மாற வேண்டிய தேதி சாயங்காலம் நாலரைக்கு மாறுகிறது!

கேட்டதற்கு முதல் பதில்: "புதுசா சேர்த்தது சார், ஓட ஓட செட்டில் ஆகிடும்." எது செட்டில் ஆகும்? டயலுக்கு அடியில் எண்கள் அச்சிட்ட தேதி வட்டில் 31 பற்கள். இரண்டு பல்லுக்கு நடுவே ஜம்பர் என்ற சின்ன நெம்புகோல் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்து வட்டைப் பிடித்துக்கொள்ளும். கோணலாக நின்றால் கோணலாகவேதான் நிற்கும்.

அடுத்து பழி என் மேல். "ராத்திரி ஒன்பதுக்கும் மூணுக்கும் நடுவுல தேதியைத் திருகியிருப்பீங்க." அந்த நேரத்தில் திருகக் கூடாது என்பது உண்மைதான், பல் உடையும். ஆனால் அதனால் டயல் நகர்ந்துவிடுமா? நாலரைக்குத் தேதி மாறுகிறதென்றால் மணி முள்ளைத் தப்பான இடத்தில் அழுத்தியிருக்கிறார்கள். கிரவுனை, அதாவது பக்கவாட்டுக் குமிழைத் திருகித் தேதி தாண்டும் கணத்தில் நிறுத்தி, இரண்டு முள்ளையும் 12-இல் வைத்து அழுத்த வேண்டும். முதல் பாடமே அதுதான். பகல் 12-க்கு மாறினால்கூடப் பரவாயில்லை, மணி முள்ளை ஒரு சுற்று விட்டால் சரியாகிவிடும். நாலரைக்கு முள்ளைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, "வாரண்டி நேரம் காட்டுறதுக்குத்தான், தேதி டிஸ்ப்ளேவுக்கு இல்லை." அரை மாதச் சம்பளத்தை வாங்கியவர் பேசுகிற பேச்சா இது? அப்புறம் நீல டிக் மட்டும்.

வேறொரு மெக்கானிக் என் கண்ணெதிரே பிரித்தார். எல்லா எண்ணும் ஒரே அளவு ஒதுங்கியிருந்தால் டயலையோ ஜம்பரையோ பார்க்கணும், சில எண் மட்டும் என்றால் வட்டின் பல்லைப் பார்க்கணும் என்றார். எனக்கு எல்லாமே ஒதுங்கியிருந்தது. டயலைத் தூக்கினார். டயலை நகராமல் பிடித்து வைக்க அடியில் இருக்க வேண்டிய இரண்டு கால்களில் ஒன்று உடைந்து போயிருக்க, அந்த இடத்தில் டபுள் சைடு டேப்! டயல் சற்றே திரும்பி ஒட்டியிருந்தது. ஜம்பர் ஸ்பிரிங்கையும் இடுக்கியால் வளைத்து வைத்திருந்தார்கள். போட்டோவில் கண்ணாடி மூடிக்குள் பத்திரமாக இருந்த அதே டயல்தான்.

எப்படியெல்லாம் உஷாராக இருக்கலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எரிச்சலில் எதுவும் கோர்வையாக வரவில்லை. அனுப்பும் முன் தேதி மாறுவதை வீடியோ எடுங்கள். முழுப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள். தேதி டிஸ்ப்ளேவுக்கும் வாரண்டி உண்டு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கையில் வந்த அன்றே, பகல் நேரமாகப் பார்த்து, 1 முதல் 31 வரை ஓட்டிப் பாருங்கள்.

இந்தப் பதிவு போடப்போகிறேன் என்றதும் "திருப்பி அனுப்புங்க, ஃப்ரீயா பார்த்துத் தர்றோம்" என்று இப்போது மெசேஜ் வருகிறது. உங்களுக்கும் வரும். அனுப்பாதீர்கள், டயலில் மிச்சமிருக்கும் இன்னொரு காலும் போய்விடும்.