91 சதவீதப் பொலிவு: ஒரு வைட்டமின் சி சீரத்தின் கணக்கு

கடந்த ஏப்ரலில் பாண்டி பஜாரில் உள்ள ஓர் அழகுசாதனக் கடையில், முகத்தில் பூசும் திரவமான வைட்டமின் சி சீரம் ஒன்றை, 30 மில்லி பாட்டிலாக, 649 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "15% வைட்டமின் சி", "குங்குமப்பூ, மஞ்சள் சாறுகளுடன்", "91% பெண்கள் பொலிவை உணர்ந்தனர்", "தோல் மருத்துவ ரீதியாகச் சோதிக்கப்பட்டது" என்று அட்டைப்பெட்டியின் முகப்பு முழுவதும் வாசகங்கள். எட்டு வாரம் பயன்படுத்திய பிறகு, முகத்தில் என்ன மாறியது என்று சொல்வதைவிட, அந்த வாசகங்களில் எது எவ்வளவு தேறியது என்று சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

முதலில் அந்த 91%. எண்ணை ஒட்டி ஒரு நட்சத்திரக்குறி இருந்தது. அதற்கான விளக்கம் பெட்டியின் அடிப்புறத்தில், மூக்குக்கண்ணாடிக்கும் எட்டாத பொடி எழுத்தில் இருந்ததால், கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது: 32 பெண்கள், 4 வாரப் பயன்பாடு, சுய மதிப்பீடு. அதாவது 32 பேரில் 29 பேர் "ஆம், பொலிவாகத் தெரிகிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கருவியும் எதையும் அளந்ததாகச் சொல்லப்படவில்லை. வைட்டமின் சி கலக்காத அதே திரவத்தைப் பூசிக்கொண்ட இன்னொரு குழுவோடு ஒப்பிட்டதாகவும் இல்லை. ஈரப்பதம் தரும் எதை நான்கு வாரம் விடாமல் பூசினாலும் முகம் சற்று மென்மையாகத் தெரியும் என்பதால், தேங்காயெண்ணெய்க்கும் இப்படி 29 பேர் கிடைக்கக்கூடும். ஆய்வறிக்கையைக் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து, அது உள் ஆவணம், பகிர இயலாது என்று பதில் வந்தது. "சோதிக்கப்பட்டது" என்ற வாசகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சோதித்ததாகத்தான் எழுதியிருக்கிறார்கள், தேறியதாக எழுதவில்லை.

15% என்பது வேறு வகை. அதை யார் வேண்டுமானாலும் ஓர் ஆய்வகத்தில் அளந்து பார்க்கலாம் என்பதாலேயே அதற்கு ஒரு மரியாதை உண்டு. உட்பொருள் பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவின் இறங்குவரிசையில் வர வேண்டும். அதற்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் வரலாம். இந்தப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்தே அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, நின்றது. ஆகவே 15% என்பது நம்பக்கூடிய கூற்றுதான். இந்த அமிலம் தோலுக்குள் இறங்குவதற்குக் கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால், பிஎச் தாளில் ஒரு சொட்டு விட்டும் பார்த்தேன்; 3-ஐ ஒட்டிய நிறம் வந்தது. குங்குமப்பூவும் மஞ்சளும் எங்கே என்று தேடினால், ஃபினாக்சிஎத்தனால் என்ற பதனப்பொருளுக்குப் பிறகு, வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன. அந்தப் பதனப்பொருளை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. எனவே அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். பெட்டியில் குங்குமப்பூவின் படமோ உள்ளங்கை அகலம்.

உண்மையான குறை அந்த 15 சதவீதத்தின் ஆயுளில் இருக்கிறது. வெளிச்சம், வெப்பம், காற்று மூன்றும் அஸ்கார்பிக் அமிலத்துக்குப் பகை. அதைத் தெளிந்த கண்ணாடி பாட்டிலில், திறக்கும்போதெல்லாம் காற்றை உள்ளிழுக்கும் சொட்டுக்குழாயோடு அடைத்துச் சென்னையில் விற்கிறார்கள். வாங்கிய அன்று வைக்கோல் நிறத்தில் இருந்தது, கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் தேன் நிறமாகி, ஐந்தாம் வாரத்தில் பால் ஊற்றாத டீயைப் போல ஆனது. நிறம் இவ்வளவு கருத்தால் அமிலத்தில் கணிசமான பங்கு சிதைந்துவிட்டது என்று பொருள். பெட்டியில் போட்ட காலாவதித் தேதிக்கு அப்போது இன்னும் 16 மாதம் இருந்தது. கடைக்கு எடுத்துச் சென்று காட்டியபோது விற்பனைப் பெண் சற்றும் தயங்காமல், "நல்லா ஊறியிருக்குக்கா, இப்பதான் வேலை செய்யும்" என்றார். சீரத்தை ஊறுகாயாகப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கடைச் சுவரில் இருந்த விளம்பரத்தில், "கரும்புள்ளிகளின் தோற்றத்தைக் குறைக்க உதவுகிறது" என்று தமிழிலேயே எழுதியிருந்தார்கள். புள்ளியைக் குறைக்கும் என்று சொல்லவில்லை, அதன் தோற்றத்தைக் குறைக்குமாம். குறைக்கும் என்றும் சொல்லவில்லை, குறைக்க உதவுமாம். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனங்கள் சட்டத்தின்படி, அழகுசாதனம் என்பது தூய்மைப்படுத்தவும் அழகூட்டவும் தோற்றத்தை மாற்றவும் மட்டுமே. நோயைத் தீர்ப்பதாகச் சொன்னால் அது மருந்தாகிவிடும், மருந்துக்குரிய சான்றுகளையும் காட்ட வேண்டிவரும். எனவேதான் இந்த நழுவல். 2020-இல் 'ஃபேர் அண்டு லவ்லி' என்ற பெயர் 'க்ளோ அண்டு லவ்லி' ஆனதிலும் இதே திசையைப் பார்க்கிறேன்: நிறத்தையாவது ஏதோ ஓர் அட்டையோடு ஒப்பிடலாம், பொலிவை எதோடு ஒப்பிடுவது? அதே 2020-இல் வந்த அழகுசாதன விதிகள் பொய்யான, தவறாக வழிநடத்தும் கூற்றுகளைத் தடை செய்கின்றன என்றாலும், பெட்டியில் உள்ள உரிம எண் தயாரிப்பதற்கான அனுமதியே தவிர, முகப்பு வாசகங்களுக்கு அரசு தந்த நற்சான்று அல்ல. ஆயினும் அந்த எண்ணும் இல்லாத வெண்மை கிரீம்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடவே கூடாது. பாதரசம் கலந்த கிரீம்கள் சிறுநீரகத்தைக் கெடுத்த நிகழ்வுகள் பக்கத்துக் கேரளத்திலேயே பதிவாகியுள்ளன.

அன்றே வாங்கிய எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீனைப் பற்றியும் ஒரு சொல். வெயிலிலிருந்து தோலைக் காக்கும் திறனைச் சொல்லும் அந்த எஸ்பிஎஃப் எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசிச் சோதித்துப் பெறுவது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் வேண்டும் என்று கொண்டால், 50 கிராம் ட்யூப் நாற்பது நாள் தாண்டக் கூடாது. என் வீட்டில் அது நான்கு மாதம் ஓடியது. இதில் நிறுவனத்தின் மேல் குறையில்லை, சிக்கனம் என்னுடையது.

இடக்கன்னத்தில் இருந்த பருத்தழும்பு முதல் மாதத்தில் சற்று மங்கியது உண்மை. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியதால், புகழ் சீரத்துக்கா சன்ஸ்கிரீனுக்கா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இதே கரைசலை ஒளி புகாத, காற்றுப் புகாத பம்ப் பாட்டிலில் 15 மில்லியாக விற்றால் மறுபடியும் வாங்குவேன். இப்போதிருக்கும் வடிவில் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். அந்த இரண்டும் உட்பொருள் பட்டியலை ஒளிக்காமல் அச்சிட்டதற்காக.