கறுப்பு பாக்ஸ்டரின் சிலந்தி வலை: கையா, ரோட்டரியா, டூயல் ஆக்‌ஷனா?

நிழலில் நிற்கும்வரை என் வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. மாலை நான்கு மணி வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் வேடிக்கை. முன் மூடியில் சூரியன் விழும் இடத்தைச் சுற்றி ஆயிரம் மெல்லிய கோடுகள்; சிலந்தி மட்டும்தான் நடுவில் இல்லை. 2010ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் ஸ்போர்ட்ஸ் கார், கறுப்பு நிறம், எனக்கு இரண்டாவது கையாக வந்தது. கறுப்பு வேண்டாம் என்று அன்றே சொன்ன மைத்துனருக்கு, அந்த வலையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தில் ஒரு திருப்தி.

அந்தக் கோடுகள் உண்மையில் வட்டமானவை அல்ல. நாரால் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சம் விழும் புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். தட்டை நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகப் படுகின்றன. வட்டமாகத் துடைக்காமல் நேராகத் துடைத்தால் போதும் என்பார்கள். துணியில் மண் இருந்தால் நேராகத் துடைத்தாலும் கீறும்.

என் வண்டிக்கு மண் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. எங்கள் அடுக்ககத்தில் வண்டிகளைத் துடைக்கும் அண்ணன் காலை ஐந்தரைக்கே வந்துவிடுவார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, பன்னிரண்டு வண்டிகள். என்னுடையது ஒன்பதாவது. எட்டு வண்டிகளின் தூசியைக் கரைத்த தண்ணீரில் நனைத்த துணி, கடற்காற்று கொண்டுவந்து போட்ட மணல்மீது நடந்தால் வேறென்ன ஆகும்?

இனி இந்த வலையைப் போக்கும் வழிகளைப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு கணக்கு. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் தகட்டுக்கு மேல் உள்ள எல்லா அடுக்குகளும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கும். அதில் மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லியது. நாம் பார்க்கும் மென்கீறல்கள் எல்லாம் அந்தப் பூச்சின் மேல்தோலில் இருப்பவை. பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு: கீறலைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறோம். தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் அதே பூச்சில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வழியிடமும் எவ்வளவு பளபளப்பு தந்தாய் என்பதோடு, அதற்கு எவ்வளவு எடுத்துக்கொண்டாய் என்றும் கேட்டேன்.

மறைப்பவை

கிளேஸ், வண்ணம் சேர்த்த வாக்ஸ் போன்றவை எதையும் எடுத்துக்கொள்வதில்லை. எண்ணெய்ப் பசையால் பள்ளத்தை அடைத்து, வெளிச்சத்தை ஏமாற்றுகின்றன. சில முறை கழுவினால் வலை திரும்பிவிடும். கல்யாணத்துக்கு வண்டியை அனுப்புவதற்கு முந்தின நாள் என்றால் தாராளமாகப் போடலாம். விற்பதற்கு முந்தின நாள் போடுபவர்களும் உண்டு. வாங்குபவர்கள் வெயிலில் பார்த்து வாங்குங்கள். பற்பசை வைத்தியத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன்: அதிலும் அராவும் பொடி இருக்கிறது, ஆனால் அது பல்லுக்காக அளந்து போட்டது.

செராமிக் கோட்டிங்கைப் பற்றிப் பெரிய குழப்பம் இருக்கிறது. அது கீறலைப் போக்குவதில்லை. ஓரிரண்டு மைக்ரான் தடிமனில் கண்ணாடிபோல் மூடுகிறது. அடியில் வலை இருந்தால் வலையோடு சேர்த்து மூடும். விளம்பரத்தில் வரும் '9எச்' என்பது பென்சில் முனைகளை வைத்துச் சோதிக்கும் கடினத்தன்மை அளவு, வைரத்தையும் ரத்தினக் கல்லையும் அளக்கும் அளவுகோல் அல்ல. வாளித் துணியில் இருக்கும் மணலுக்குப் பென்சிலைப் பற்றிய மரியாதை கிடையாது.

கை

சிறிய டப்பா பாலிஷும் பஞ்சுத் திண்டும் போதும், மின்சாரம் வேண்டாம், விபத்துக்கும் வாய்ப்புக் குறைவு. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழிவைப் பாருங்கள். எல்லா வண்டியிலும் அங்கே நகக்கீறல் கூட்டமாக இருக்கும். எந்த இயந்திரமும் நுழையாத அந்த இடத்துக்குக் கைதான் சரி. முழு வண்டிக்கு? முன் மூடியில் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரத்தை ஒட்டு டேப்பால் பிரித்துக்கொண்டு இருபது நிமிடம் தேய்த்தேன். வலை பாதி மங்கியது. தோள்பட்டை முழுதாக மங்கியது. அதோடு, கை ஒரே அழுத்தத்தில் ஓடுவதில்லை. விரல் பதிந்த இடத்தில் கூடுதலாகத் தேய்ந்து, டார்ச் வெளிச்சத்தில் வரிவரியாகத் தெரிந்தது. இருபது நிமிட உழைப்புக்குப் பாதிப் பலன் என்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

ரோட்டரியும் டூயல் ஆக்‌ஷனும்

சண்டை உண்மையில் இந்த இரண்டுக்கும் இடையில்தான். ரோட்டரி என்பது நம் ஊர்ப் பட்டறைகளில் 'ரப்பிங் பாலிஷ்' செய்யப் பல காலமாகப் புழங்கும் இயந்திரம். திண்டு ஒரே அச்சில், கிரைண்டர்போல, கட்டாயமாகச் சுற்றும். நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. அதுவே அதன் பலம், அதுவே ஆபத்து. ஒரே இடத்தில் சில நொடிகள் தங்கினால் சூடேறும். உடல் மடிப்பின் விளிம்பில் பட்டால், அங்கே பூச்சு இயல்பாகவே மெல்லியது என்பதால், கீழே உள்ள நிறம் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் மோசம். இரும்புத் தகடு சூட்டை இழுத்துப் பரப்பும், பிளாஸ்டிக் பரப்பாது. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே வளைவும் மடிப்பும்தான். சமதளம் என்று சொல்ல உள்ளங்கை அகலம்கூட இல்லாத பக்கங்கள் உண்டு.

நான் முதலில் போனது ஒரு பட்டறைக்குத்தான். எந்தப் பட்டறை என்பது இங்கே முக்கியமில்லை. கம்பளித் திண்டு மாட்டிய ரோட்டரியோடு ஒருவர் இரண்டே மணி நேரத்தில் முழு வண்டியையும் முடித்தார். ஷெட்டுக்குள் குழல் விளக்கின் கீழ் முகம் பார்க்கலாம் போல இருந்தது. பணம் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை கழுவியபோது பழைய வலை எட்டிப் பார்த்தது; கூடவே புதிதாக ஒன்று: நடந்துகொண்டே பார்த்தால் கதவின்மேல் பாம்பு நெளிவதுபோல் ஓடும் ஒளிக்கோடுகள். தொழில் தெரிந்தவர்கள் ஹோலோகிராம் என்கிறார்கள். ரோட்டரியின் முரட்டுத் தேய்ப்பு விட்டுச் சென்ற தடங்கள் அவை. கடைசியில் போட்ட பளபளப்பு எண்ணெய் கழுவுநீரில் போகும்வரை எல்லாம் மறைந்திருந்திருக்கிறது.

இதிலிருந்து கற்ற ஒரு வேலையை எல்லோரும் செய்யலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து, பாலிஷ் போட்ட இடத்தில் தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றித் துடையுங்கள். எண்ணெய் போய்விடும். அதற்குப் பிறகு தெரிவதுதான் உங்கள் பெயின்ட். பட்டறையில் பணம் கொடுப்பதற்கு முன், வண்டியை வாசலுக்கு எடுத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

ரோட்டரிமேல் எனக்கு ஜென்மப் பகை இல்லை. கைதேர்ந்தவர் பிடித்தால், ஆழமான கீறலை அதைப் போல வேகமாக இறக்கும் கருவி கிடையாது. அப்படிப்பட்டவர்கள் கம்பளித் திண்டோடு நிறுத்த மாட்டார்கள். மென்மையான ஃபோம் திண்டு போட்டு மறுபடி ஒரு சுற்று வருவார்கள். அந்த இரண்டாம் சுற்றுக்குப் பொறுமை இருக்கிறவர் உங்கள் ஊரில் இருந்தால் அவர் காலடியில் வண்டியை விடலாம்.

டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தில் திண்டு சுற்றும்போதே அச்சிலிருந்து விலகி ஆடவும் செய்கிறது. அந்த ஆட்டம் சில இயந்திரங்களில் 8 மில்லிமீட்டர், பெரியவற்றில் 15, 21. சுழற்சி கட்டாயமானது அல்ல. அதிகம் அழுத்தினால் திண்டு சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். ரோட்டரிக்காரர்கள் இதைக் குறை என்பார்கள். என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கு இதுதான் காப்பு. திண்டு தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது. நின்று நடுங்கினால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

கைத் தேய்ப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு சதுரம். ஃபோம் திண்டில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு மெல்லிய பாலிஷ். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி, நத்தை நகர்வதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஐந்து தடவை. ஜெர்மன் வண்டிகளின் பூச்சு கடினம், ஜப்பானிய வண்டிகளுடையது மென்மை என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். என் வண்டியில் அது பலித்தது. முதல் சுற்றில் வலையில் பாதிதான் போனது. திண்டை மாற்றி, ஒரு படி கூர்மையாகத் தேய்க்கும் பாலிஷான காம்பவுண்டு போட்டு ஒரு சுற்று, மீண்டும் மெல்லிய பாலிஷில் ஒரு சுற்று. ஆல்கஹாலால் துடைத்து டார்ச் அடித்தேன். பத்தில் எட்டுக் கீறல்கள் இல்லை. ஹோலோகிராமும் இல்லை. பூச்சின் தடிமனை அளக்கும் அளவுமானியில் அதே இடம் முன்பு 121 மைக்ரான், இப்போது 119. இந்தக் கருவிக்கு ஒன்றிரண்டு மைக்ரான் முன்பின் சகஜம்; தவிர, அது எல்லா அடுக்கையும் சேர்த்துத்தான் அளக்கும், கிளியர் கோட்டைத் தனியாகச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் வாயே திறக்காது. ஃபைபர் உடல் கொண்ட கார்வெட், லோட்டஸ் எலீஸ் வைத்திருப்பவர்கள் இந்தக் கருவியை நம்ப முடியாது. மீயொலியால் அளக்கும் வேறு கருவி வேண்டும்.

மிச்சம் இருந்த பத்தில் இரண்டு? விட்டுவிட்டேன். அவற்றையும் துரத்தினால் இன்னும் நான்கைந்து மைக்ரான் போகும். வண்டியை இன்னும் பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம் இருக்கிறது. முழு வேலைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பாக்ஸ்டரின் கூரை துணி என்பதில் ஒரு லாபம்: கூரைக்குப் பாலிஷ் வேலை இல்லை.

பெரிய வைத்தியங்கள்

நகத்தைக் குறுக்கே இழுத்தால் சிக்கும் கீறல், பாலிஷுக்கு அப்பாற்பட்டது. அதற்கு 2000, 3000 எண் வாட்டர் பேப்பரை, அதாவது நுண்ணிய உப்புத்தாளை, தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. பூச்சின் சேமிப்பையே கரைக்கும் வழி. ஒற்றைக் கீறலுக்கு, தேர்ந்தவர் கையில் மட்டும். அந்தப் பக்கத்துக்கு மறு பெயின்ட் அடிப்பது கடைசி வழி. தொழிற்சாலைப் பூச்சு உள்ள ஸ்போர்ட்ஸ் காருக்கு விற்பனையில் தனி மதிப்பு இருக்கிறது. வாங்க வருகிறவர் அளவுமானியோடு வந்து ஒரு கதவில் மட்டும் 250 என்று பார்த்தால், விபத்தா என்றுதான் முதலில் கேட்பார்.

பெயின்ட் பாதுகாப்புப் படலம் வேறு ஜாதி. 200 மைக்ரானை ஒட்டிய தடிமனில், நெகிழும் பாலியூரித்தேன். நல்ல வகைகளில் மேலே விழும் மென்கீறல் சூட்டில் தானே ஆறிவிடும். சென்னையின் மே மாதம் அதை இலவசமாகச் செய்துகொடுக்கும். ஆனால் முதலில் பாலிஷ், பிறகுதான் படலம். மறு பெயின்ட் அடித்த பக்கத்தில் ஒட்டினால், பின்னாளில் உரிக்கும்போது பெயின்டும் கூடவே வரக்கூடும். செலவும் மற்ற எல்லாவற்றையும்விட மிக அதிகம். புது வண்டியாக இருந்தால் முதல் வாரமே ஒட்டியிருப்பேன். பதினைந்து வயது வண்டிக்கு முன் மூடியும் பம்பரும் மட்டும் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

பாலிஷ் முடிந்த திங்கட்கிழமை காலையிலேயே கீழே இறங்கினேன். அண்ணன் ஏழாவது வண்டியில் இருந்தார்.

"அண்ணே, இனிமேல் என் வண்டியைத் துடைக்க வேண்டாம். நானே வாரம் ஒருமுறை கழுவிக்கொள்கிறேன்."

அவர் முகம் வாடியது. "ஏதாவது தப்பு செய்துவிட்டேனா, சார்?"

"இல்லை அண்ணே. மாதப் பணம் அப்படியே தருகிறேன். நீங்கள் தொடாமல் இருந்தால் போதும்."

கையில் இருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "தொடாததற்குச் சம்பளமா, சார்?" என்று கேட்டுவிட்டு எட்டாவது வண்டிக்குப் போனார். மறுநாளிலிருந்து, யாரும் சொல்லாமலே, அந்தப் பக்கம் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளை விரட்டும் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார்.